பின்சீட்டில் ஒரு சிமென்ட் மூட்டை

1

எங்கள் வீட்டு இரும்புக் கேட்டின் கீல் உடைந்துபோனதால் கிடைத்த கதை இது. பற்றவைக்க ஒரு பட்டறைக்குப் போனேன். (கதை தேடி அலைந்தேன் என்று எழுதினால் கெத்தாக இருக்கும். போனது கீலுக்குத்தான்.) அங்கே ஒரு டூரிங் பைக் நின்றது. நெடுந்தூரம் போவதற்கென்றே செய்த, எருமைபோல் கனத்த வண்டி. அதன் பின்சக்கரத்துக்கு இரு பக்கமும் புதிதாக இரண்டு சக்கரங்கள் பூட்டியிருந்தன.

"இது என்ன வண்டிங்க?"

"ட்ரைக். ரெண்டு சக்கர வண்டியை மூணு சக்கரமா மாத்துற கிட்."

"முன்னாடி ஒண்ணு, பின்னாடி மூணு. நாலு வருதே?"

பட்டறைக்காரி முகக்கவசத்தைத் தூக்கி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நடுவுல இருக்கறது பழைய சக்கரம். அதைச் சேர்த்து எண்ண மாட்டாங்க. கணக்கு வாத்தியாரா நீங்க?"

"இல்ல, கதை எழுதுறவன்."

"அதான் பொழுது போகாம எண்ணிட்டிருக்கீங்க."

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மழை விட்ட அந்தச் சாலையில் விதி, டீசலின் உருவில் அவர்களுக்காகக் காத்துக்கொண்டி—"

வேண்டாம். விதியெல்லாம் இல்லை. ஏதோ லாரி சிந்திவிட்டுப் போன டீசல், அவ்வளவுதான்.

வண்டி பட்டறைக்காரியின் அண்ணியுடையது. அண்ணி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவள். (முதல் வரைவில் வண்டி ஓட்டுவது அண்ணன் என்று எழுதியிருந்தேன். யாரும் சொல்லாமலே என் பேனா அந்தப் பக்கம் போய்விட்டது. அண்ணனுக்குச் சைக்கிளே தகராறு.) லீவு கிடைத்தால் போதும், அண்ணி முன்னால், நாத்தனாரான பட்டறைக்காரி பின்னால். இருவரும் போகாத மலையில்லை. அண்ணன் வாசலில் நின்று டாட்டா காட்டுவான்.

அண்ணிக்கு இடது முழங்காலில் ஆபரேஷன் ஆனது. தேறியபின் இருவரும் முதல் தடவை கிளம்பினார்கள். ஒரு சரிவான சிக்னலில் அண்ணி இடது காலை ஊன்றினாள். கீழே டீசல். கால் வழுக்கியது, முழங்கால் தாங்கவில்லை, வண்டி படுத்துவிட்டது. பின்னால் இருந்தவள் கையை ஊன்றினாள். மணிக்கட்டு முறிந்தது.

சண்டை எதுவும் இல்லை. அண்ணி ஆஸ்பத்திரிக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள், ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்தாள். வீட்டுக்குப் போய் வண்டிமேல் தார்ப்பாயைப் போட்டு மூடினாள். "வித்துடலாம்" என்று அண்ணன் சொன்னபோது, "சரி" என்றாள்.

பட்டறைக்காரிக்கு வலித்தது அந்தச் 'சரி'தான். கட்டுப் பிரித்ததும் ஒரு மினிலாரியோடு அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"அண்ணி, சாவி குடுங்க."

"எதுக்கு?"

"விக்கணும்னீங்களே. ஆள் பாத்துட்டேன்."

அண்ணி சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. வாங்க ஆள் யாரும் இல்லை; வண்டி நேராகப் பட்டறைக்குப் போனது.

3

கிட்டைப் பூட்டும் பகுதியை விரிவாக எழுதி, பாதியை வெட்டிவிட்டேன். மிச்சம் இது. பக்கப்பெட்டிகளைக் கழற்ற வேண்டும். வண்டிச் சட்டத்தின் அடியில் ஒரு இரும்புத் தொட்டில்போல வரும் பாகத்தைக் கவ்வி மாட்ட வேண்டும். எந்த போல்ட்டையும் எடுத்த எடுப்பில் முறுக்கக் கூடாது. எல்லாவற்றையும் கையால் பிடித்து, பொருந்துகிறதா பார்த்து, பிறகுதான் ஸ்பானர்.

பூட்டி முடித்தபிறகு அண்ணிக்கு போன் போட்டாள். "வாங்கின ஆள் வண்டியைப் பத்தி ஏதோ கேக்குறாரு, ஒரு நடை வந்துட்டுப் போங்க." அண்ணி வந்தாள். வண்டியைச் சுற்றி வந்தாள்.

"இதென்னடி, குழந்தைங்க ஓட்டுற வண்டியாட்டம் பண்ணி வெச்சிருக்க?"

"சிக்னல்ல கால் ஊன வேண்டாம் அண்ணி. உக்காந்தது உக்காந்தபடியே நிக்கலாம்."

அண்ணி ஏறி உட்கார்ந்து கிளப்பினாள். பட்டறை வாசல் சரளைக்கல். எஞ்சின் உறுமியது, நடுச்சக்கரம் கல்லை வாரி இறைத்தது, வண்டி நகரவில்லை. வெளிச்சக்கரங்களின் ஸ்பிரிங் இறுகி, பாரம் முழுவதையும் அவையே வாங்கிக்கொண்டன. எஞ்சின் சுற்றுவதோ நடுவில் இருப்பதை.

"நடுவுல இருக்கறவன் தரையிலயே நிக்கல," என்றாள் பட்டறைக்காரி.

"உங்க அண்ணன் மாதிரி," என்றாள் அண்ணி.

விழுந்தபிறகு இருவரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான்.*

* இந்த இடத்தில் குடும்பத்தையும் சக்கரத்தையும் ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதினேன். பட்டறைக்காரியிடம் படித்துக் காட்டினேன். "ஸ்பிரிங்கைத் தளர்த்தினோம், சரியாப் போச்சு. அதுக்கு எதுக்குங்க இவ்வளவு?" என்றாள். பத்தியை எடுத்துவிட்டேன்.

4

அடுத்த தொல்லை திருப்பத்தில் வந்தது. இரண்டு சக்கர வண்டி வேகத்தில் சாய்ந்து திரும்பும். இடப்பக்கம் போக, இடது கைப்பிடியை லேசாக முன்னால் தள்ளுவார்கள். ஓட்டுபவருக்கே தெரியாமல் கை அதைச் செய்யும். ட்ரைக் சாயாது. தள்ளினால் எதிர்ப்பக்கம் போகும். அண்ணி பக்கத்துக் காலி மைதானத்தில் வேகமெடுத்து இடப்பக்கம் திரும்பப் பார்த்தாள். வண்டி வலப்பக்கம் அடுக்கியிருந்த குழாய்களை நோக்கிப் பாய்ந்தது. பிரேக் பிடித்து, ஒரு முழத் தூரத்தில் நிறுத்தினாள்.

"என் கையே என் பேச்சைக் கேக்கல," என்றாள். "வித்துடுடி. நிஜமாவே வித்துடு."

பட்டறைக்காரி நூல்கண்டை எடுத்து வந்தாள். முன்னிருந்து பின்வரை நூல் பிடித்துப் பார்த்தாள். இடது வெளிச்சக்கரம் கொஞ்சம் வெளியே முகம் திருப்பியிருந்தது. "உங்க கை மட்டுமில்ல, இதுவும் சேர்ந்து இழுத்திருக்கு," என்று சொல்லி, நேராக்கினாள். (பாதி உண்மை. சக்கரம் இழுத்தது கொஞ்சம்தான். அண்ணி அதை நம்பியதுபோல் காட்டிக்கொண்டாள் என்றும் பட்டறைக்காரி சொன்னாள்.)

அதன்பிறகு அண்ணி தினமும் வந்தாள். பீப்பாய்களை நிறுத்தி, அவற்றைச் சுற்றிச் சுற்றி ஓட்டினாள். கை மெல்ல வழிக்கு வந்தது. பின்சீட்டில் ஆள் இருந்தால் எப்படி என்று பார்க்க, பட்டறைக்காரி ஒரு சிமென்ட் மூட்டையைக் கட்டிவிட்டாள்.

5

என் முதல் முடிவு: இருவரும் விடிகாலையில் மலைப்பாதையில் போகிறார்கள், காற்று அவர்கள் கூந்த—

படித்துக் காட்டினேன். "நான் இன்னும் பின்னால ஏறவே இல்லையே," என்றாள் பட்டறைக்காரி.

நடந்ததைச் சொன்னாள். ஒருநாள் அண்ணி மூட்டையை அவிழ்த்துக் கீழே தள்ளிவிட்டு, "ஏறு," என்றாளாம்.

"வேலை கெடக்கு அண்ணி."

"நீ போட்ட போல்ட்டு மேலயே உனக்கு நம்பிக்கை இல்லையா?"

"போல்ட்டு மேல இருக்கு."

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்பதே அவளுக்கு உறைத்தது. அண்ணி கோபிக்கவில்லை. இறங்கி, காலைச் சிரமப்பட்டுத் தூக்கிப் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். "அப்ப நீ ஓட்டு."

பட்டறைக்காரி அந்த வண்டியை ஓட்டியதே இல்லை. அண்ணி அதன் பின்சீட்டில் உட்கார்ந்ததே இல்லை. மைதானத்தை ஒரு சுற்று வந்தார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் அண்ணியின் விரல்கள் அவள் இடுப்பில் நகம் பதியப் பிடித்தன. அண்ணி இறங்கினாள்.

"உன் பின்மண்டையைத் தவிர ஒண்ணும் தெரியல," என்றாள். "இத்தனை வருஷம் இப்படியேவா வந்த?"

"ஆமா அண்ணி."

"எப்படிடி?"

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. அண்ணி வண்டியோடு பட்டறைக்காரி வீட்டு வாசலுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். ஏறச் சொல்லமாட்டாளாம், வருவேன் என்று மட்டும்தான் சொன்னாளாம். "ஏறுவீங்களா?" என்று நான் கேட்டேன். பட்டறைக்காரி கிரைண்டரைப் போட்டுவிட்டாள். அந்தச் சத்தத்தில் பதில் சொன்னாளா, இல்லையா என்று தெரியவில்லை.

இன்னும் ஒருநாள் பொறுத்தால் முடிவு கைக்கு வந்துவிடும். பொறுக்கப் போவதில்லை. கதையை இன்றே பத்திரிகைக்கு அனுப்பிவிடுகிறேன். அவளை ஏற்றிவைத்து எழுத எனக்கு ஒரு வரி போதும். ஆனால் அந்தச் சீட்டில் உட்காரப் போவது நானில்லை, நீங்களும் இல்லை.