தாய்மாமன் மடி

செம்மண்டலத்தில் மணவாளனின் அரிசி மண்டி முன்னால் லாரி வந்து நின்றால் தெருவே கலகலத்துப் போகும். முதலாளி என்று கல்லாவில் உட்கார்ந்திருக்கிற ஆளில்லை அவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானும் குனிவார். இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்துத் தூக்கிவிட, மூட்டையை முதுகில் வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போவார். எப்பேர்ப்பட்ட பலசாலியானாலும் அந்த மண்டியில் ஒற்றை ஆளாக மூட்டை தூக்கக் கூடாது. அவரே போட்ட சட்டம் அது.

கை ஓடும்போது வாயும் ஓடும் மனிதருக்கு. யாரையாவது கேலி செய்யாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அதிலும் மைத்துனன் தமிழ்மணி கையில் கிடைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். மனைவி வினோதினிக்கு ஒரே தம்பி அவன். அப்பா, அம்மா போன பிறகு அவனுக்கு எல்லாமே அக்காதான். சிதம்பரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டு, மாடி அறை ஒன்றில் தனியாகக் குடியிருந்தான். தங்கமான பிள்ளை. என்ன தின்றாலும் உடம்பில் ஒட்டாது, அவ்வளவுதான்.

2009 ஐப்பசியில், மணவாளன் மகன் எழிலனுக்குத் தை மாதம் காது குத்துவது என்று நாள் குறித்தார்கள். கூடம் நிறைய உறவுக்காரர்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தான். மணவாளனுக்கு வாய் சும்மா இருக்குமா?

"மச்சான், உம் மடியிலதான் எம்புள்ளய உக்கார வெக்கணும். எலும்பு குத்திடப் போவுதுடா! பத்தரு ஊசிய எடுக்கிறதுக்கு முன்னாடியே பய அழுதுடுவான்!"

கூடமே குலுங்கியது. வினோதினியும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். எல்லாரையும் விட அதிகமாகச் சிரித்தவன் தமிழ்மணிதான். பாவம், கூடச் சேர்ந்து சிரித்துவிட்டால் அதோடு விட்டுவிடுவார்கள் என்று நினைத்தான் போலிருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மண்டிக்கு வந்து நின்றான். "மாமா, எக்சர்சைஸ் சாமான் வாங்கணும். கூட வர்றீங்களா?"

"அட்ரா சக்க! வாடா போவலாம்" என்று அவன் தோளில் கைபோட்டுக் கூட்டிப்போனார் மணவாளன்.

விளையாட்டுச் சாமான் கடைக்காரர் சாமிக்கண்ணு முதலில் கேட்டது இதைத்தான்: "எங்க தம்பி செய்யப் போறீங்க? கூட யாராச்சும் இருப்பாங்களா?"

"சிதம்பரத்துல, எந்ரூம்லதாங்க. தனியாத்தான்."

அவர் ஒரு ஜோடி டம்பெல்லும் ரப்பர் கயிறும் எடுத்து வைத்தார். "தனியா செய்யிறவுங்களுக்கு இது போதும். கை சோந்துச்சின்னா தரையில போட்டுட்டு நிமுந்துடலாம். இரும்பு வட்ட ஒண்ணொண்ணா ஏத்திக்கலாம். அவசரமே இல்ல."

தமிழ்மணி டம்பெல்லைக் கையில் வாங்கி மெல்ல ஏற்றி இறக்கினான். அவன் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. அந்த நேரத்தில் மணவாளன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"இன்னாங்க இது, கிலுகிலுப்பயா? எம்புள்ளயே தூக்குவான்!" மூலையில் ஒரு பெஞ்சும், அதன் மேல் இரு முனையிலும் கனமான வட்டுகள் மாட்டிய நீண்ட இரும்புப் பாரும் இருந்தன. "ஆம்பளன்னா அத்த தூக்கணும்டா மச்சான்!"

சாமிக்கண்ணு தலையாட்டி மறுத்தார். "அது மல்லாக்கப் படுத்துத் தூக்குறதுங்க. கை வுட்டுச்சின்னா கழுத்து மேலதான் வுழும். தலமாட்டுல ஓர் ஆளு நிக்கணும். இல்லன்னா ரெண்டு பக்கமும் பாரத்தத் தாங்குற மாதிரி கம்பி வெச்ச ஸ்டாண்டு வேணும், அது எங்கிட்ட இல்ல. ஏன் தம்பி, சிதம்பரத்துலயே ஜிம்மு இருக்குதே?"

"அங்க எல்லாரும் பாத்துச் சிரிப்பாங்க" என்று முனகினான் தமிழ்மணி.

அது மணவாளன் காதில் விழுந்தது. மனசில்தான் விழவில்லை. "நம்ம பயலுக்கு ஒண்ணும் ஆவாது. அதயே கட்டிக் குடுங்க, எஞ்செலவு" என்றார். தமிழ்மணி டம்பெல்லை இருந்த இடத்திலேயே வைத்தான். மண்டி வண்டியிலேயே பெஞ்சும் பாரும் சிதம்பரம் போய்ச் சேர்ந்தன.

கார்த்திகையில் அக்காவுக்குப் போன் செய்தான். "கை கொஞ்சம் டைட்டா ஆயிருக்குதுக்கா. மாமாகிட்ட சொல்லிடாத. தையில பாக்கட்டும்." வினோதினிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கீழ் வீட்டு ரத்தினம்மாள் அடை சுட்டு எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. மின்விசிறி ஓடுகிற சத்தம் கேட்டது. எத்தனை கூப்பிட்டும் பதில் இல்லை. பயந்துபோய் ஆட்களைக் கூப்பிட்டாள். கதவை உடைத்தார்கள்.

பார் அவன் கழுத்தின் மேல் கிடந்தது. அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

மணவாளன் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இரும்புச் சத்தம் கீழே கேட்கக் கூடாதென்று பெஞ்சைச் சுற்றிச் சாக்குகளை விரித்திருந்தான். அவர் மண்டியிலிருந்து கேட்டு வாங்கிப் போன சாக்குகள். யாரும் பார்த்துவிடக் கூடாது, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது. அப்படியே யாருக்கும் கேட்கவில்லை.

அலமாரியில் பிரிக்காத பட்டுச் சட்டை ஒன்று இருந்தது, காதுகுத்துக்காக வாங்கியது. மணவாளன் அதைப் பிரித்துத் தோளளவு பார்த்தார். தமிழ்மணி போட்டால் தொளதொளவென்று தொங்கும். தைக்குள் அதற்கேற்ற உடம்பு வந்துவிடும் என்று நம்பியிருக்கிறான் பிள்ளை. சட்டையை முகத்தில் அழுத்திக்கொண்டு, அந்தச் சாக்கின் மேலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதார்.

"எல்லாரும் சிரிச்சப்ப நானும் சிரிச்சேனேங்க" என்றாள் வினோதினி.

ஒரு வருஷத் துக்கம் கழிந்து, மறு தையில் எழிலனுக்குக் காது குத்தினார்கள். மடிக்கு ஆள் வேண்டுமே. வினோதினியின் சித்தப்பா மகன் கோவிந்தசாமியை மணையில் உட்கார வைத்தார்கள். நல்ல பருத்த உடம்பு அவனுக்கு. கூட்டத்தில் யாரோ ஒருவர், "புள்ளைக்கு மெத்த போட்டாச்சுடோய்! மாமன எழுப்பத்தான் கிரேன் வேணும்!" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். கோவிந்தசாமி எல்லாரையும் விட அதிகமாகச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பை மணவாளன் ஏற்கெனவே பார்த்திருக்கிறார். கையிலிருந்த தாம்பூலத் தட்டைக் கீழே வைத்தார்.

"போதும், நிறுத்துங்க. அவனும்தான் சிரிக்கிறானேன்னு நெனக்காதீங்க. எம் மச்சானும் இப்பிடித்தான் சிரிச்சான். கூடச் சேந்து சிரிக்கிறவனுக்குத்தான் ஜாஸ்தி வலிக்கும். ஒருத்தன் உடம்ப வெச்சி இனிமே யாரும் கேலி பேசாதீங்க." கோவிந்தசாமியின் தோளில் கை வைத்தார். "எம் மண்டியில ஒரு மூட்டயக்கூட ஒத்த ஆளா தூக்க வுட மாட்டேன். கடக்காரரு தலபாடா அடிச்சிக்கினாரு, தலமாட்டுல ஓர் ஆளு வேணும்னு. நாந்தான் அவன தனியா தூக்க வுட்டுட்டேன். தனியா இருக்கிறவன் எந்தச் சாமானத் தூக்குறதா இருந்தாலும், கை தளந்தா கீழ போட்டுட்டு எழுந்திரிக்க முடியணும். அது முடியாததுன்னா கூட ஓர் ஆளு இருக்கணும்."

சிரித்தவர்கள் தலை குனிந்தார்கள். பத்தர் ஊசியை எடுத்தார். எழிலன் வீறிட்டு அழுதான். அவன் கண்ணைத் துடைத்துவிடக் குனிந்த மணவாளன், வினோதினிக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"எலும்பு குத்துனா குத்திட்டுப் போவுதுன்னு இருந்திருக்கலாம்டி. அந்த மடி இருந்திருக்கும்."