இன்னும் ஒண்ணு குடு, பாப்பா

மாரீஸ்வரியின் முன்பல்லுக்குப் பின்னால் டாக்டர் ஜாய்ஸ் ஒரு சின்ன விளக்கைப் பிடித்தார். வெளிச்சம் பல்லைத் தாண்டி முன்பக்கம் வந்துவிட்டது. கையில் கொடுத்திருந்த கண்ணாடியில் மாரீஸ்வரியும் அதைப் பார்த்தாள். தோலுரித்த திராட்சையை வெயிலுக்கு நேராகப் பிடித்தது போல இருந்தது பல்லின் விளிம்பு.

"வயசு இருபத்தி நாலுன்னு எழுதியிருக்கே. பல்லு அறுபதுங்குது" என்றார் ஜாய்ஸ். "புளி மூட்டைக்குள்ள குடியிருக்கியாம்மா?"

மாரீஸ்வரி சிரித்தாள். கை தானாக வாயைப் பொத்திக்கொண்டது.

"சாப்பிட்டுட்டு வாந்தி கீந்தி எடுக்குறியா? வெக்கப்படாமச் சொல்லு."

"இல்ல மேடம்."

"எலுமிச்சம்பழம்? கூல்டிரிங்ஸ்?"

"திராட்சை மேடம். எங்க ஊரு சுருளிப்பட்டி."

"நான் போடிக்காரி. திராட்சை தின்ன பல்லை நானும் பாத்திருக்கேன். இது அது இல்ல." ஜாய்ஸ் கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டார். "எதுன்னு நீ சொல்ல வேணாம். இன்னையோட நிறுத்து. எனாமல் போனா போனதுதான். நகம் மாதிரி திரும்ப வளராது. இப்படியே விட்டா ஒரு வருசத்துல விளிம்பு உதிர ஆரம்பிச்சுரும்."

மாரீஸ்வரி தலையாட்டினாள். அவள் வேதியியல் படித்தவள். பல்லின் மேற்பூச்சு எந்த அளவு அமிலத்தில் கரையத் தொடங்கும் என்று பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள். மாடிப்படி இறங்கித் தெருவுக்கு வருவதற்குள் அவள் கை பைக்குள் போய் ஒரு ஆரஞ்சு மாத்திரையைப் பிதுக்கி எடுத்துவிட்டது.

கறுக்.

கம்பத்தில் ஒரு மருந்துக்கடையில் அவளுக்கு வேலை. வைட்டமின் சி கேட்டு வருகிறவர்களிடம், "ஒரு நாளைக்கு ஒண்ணுக்கு மேல வேண்டாம்ணே" என்று சொல்லித்தான் கொடுப்பாள். அவள் தின்பது பன்னிரண்டு. சில நாள் பதினைந்து. மூன்று வருடமாக.

மூன்று வருடத்துக்கு முந்தைய வைகாசியில் அவள் அண்ணன் விஜய்பாண்டிக்குக் காய்ச்சல் வந்தது. கேரளா ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிப் போகும் ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தான். ஊரெங்கும் கொரோனா. அவனைப் பின்னறையில் தனியாகப் படுக்க வைத்தார்கள். அம்மா பவுனுக்குச் சர்க்கரை இருந்ததால் அறைப்பக்கமே வரக் கூடாதென்று சொல்லி, வாசலில் காவல் இருந்தவள் மாரீஸ்வரி. மருந்து, கஞ்சி, வெந்நீர் எல்லாம் அவள் கையால்தான்.

அவன் எந்த மாத்திரையையும் தண்ணீர் ஊற்றி விழுங்கினான். ஆரஞ்சு மாத்திரையை மட்டும் கடைவாயில் வைத்துக் கடிப்பான். கறுக், கறுக். முதல் நாள் ஆரஞ்சு நாக்கை நீட்டிக் காட்டி, "டீசல் போட்டாச்சு, வண்டிய எடுக்கலாம்" என்றான்.

நாலாம் நாள் அவனால் அப்படிச் சிரிக்க முடியவில்லை.

"நாக்குல எதுவுமே தெரியல பாப்பா. கஞ்சியும் ஒண்ணுதான், மண்ணும் ஒண்ணுதான். இது மட்டுந்தான் லேசாப் புளிக்குது. இன்னும் ஒண்ணு குடு."

"ஒண்ணு போதும்ணே. மிச்சமெல்லாம் ஒண்ணுக்குல போயிரும். வேஸ்ட்டு."

"இன்னும் ஒண்ணு குடு, பாப்பா."

அவள் கொடுக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்தாள். ஆறாம் நாள் ஆம்புலன்ஸ் அவனைத் தேனிக்குக் கொண்டுபோனது. அவன் திரும்பவில்லை. ஆஸ்பத்திரியில் முகத்தைக்கூடக் காட்டவில்லை.

பதினாறு கழிந்து அந்த அறையைக் கூட்டியபோது ஜன்னல் கட்டையில் அட்டை கிடந்தது. நாலு மாத்திரை மிச்சம். கூட்டிக்கொண்டிருந்தவளின் காதோரம் கறுக் என்று கேட்டது. திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. மறுபடியும் கேட்டது. ஒரு மாத்திரையை எடுத்துத் தன் வாயில் போட்டுக் கடித்தாள். உடனே அந்தச் சத்தம் நின்றது.

அன்றிலிருந்து அப்படித்தான். அவள் கடித்தால் அவன் கடிக்க மாட்டான்.

ஜாய்ஸ் சொன்னதற்காக அடுத்த நாள் காலையிலிருந்து நிறுத்திப் பார்த்தாள். பதினோரு மணி வரை தாங்கியது. பிறகு கடையில், மருந்து அலமாரிக்குப் பின்னால் கறுக். சாயங்காலம் பஸ்ஸில், அவள் சீட்டுக்குப் பின் சீட்டில் கறுக். அங்கே ஒரு அம்மாள் மடியில் கோழிக்குஞ்சுக் கூடையோடு தூங்கிக்கொண்டிருந்தார். மாரீஸ்வரி ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். காது மடலில் மூச்சுப் படுகிற அளவுக்குப் பக்கத்தில் அந்தக் குரல் கேட்டது.

இன்னும் ஒண்ணு குடு, பாப்பா.

மூன்றாம் நாள் அவனுடைய வருசத் திதி. அவன் பங்கை அவனுக்கே கொடுத்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. கடையிலிருந்து ஒரு முழு அட்டையை வாங்கி வந்தாள்.

உச்சிப்பொழுதில் பவுனு தலைவாழை இலையை விரித்தாள். சோறு, பரோட்டா, சால்னா, ரெண்டு ஆம்லெட். கடைசியாக ஒரு சிகரெட்.

"இதுக்காக எத்தனை வெளக்கமாத்து அடி வாங்கியிருப்பான்" என்று படத்தைப் பார்த்துச் சொன்னாள். "இப்ப நானே கடைக்குப் போயி வாங்கியாந்திருக்கேன். சிரிக்கிறான் பாரு, களவாணிப்பய."

மாரீஸ்வரி மாத்திரை அட்டையை இலை ஓரத்தில் வைத்தாள்.

பவுனு அதைப் பார்த்தாள். பாய்ந்து எடுத்து, திறந்திருந்த கதவு வழியே முற்றத்தில் வீசினாள்.

"அத எதுக்குடி இங்கன வச்ச? எம்புள்ளயக் கொன்னதே அதுதான்!"

"என்னம்மா சொல்ற?"

பவுனு சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டுதான் பேசினாள்.

"ஒண்ணுக்கு மேல கூடாதுன்னு நீ சொன்ன. படிச்ச புள்ள சொல்லுச்சு, நான் கேக்கலயேத்தா. நர்சம்மா எனக்குன்னு ஒரு அட்டை குடுத்துட்டுப் போனாக பாரு, அதப் பின்பக்க ஜன்னல் வழியா அவனுக்குக் குடுத்தேன். தீந்து போச்சு. பக்கத்து ஜக்கம்மா வீட்டுல வாங்கிக் குடுத்தேன். ஒரு நாளைக்கு எட்டு, பத்து. 'பாப்பாகிட்டச் சொல்லாதம்மா, கத்துவா'ன்னான். மறுநாளே வயித்தால போச்சு. அப்புறம் மூச்சு எளைக்க ஆரம்பிச்சிருச்சு. நாந்தான் கொன்னேன்."

"தின்னானா?"

"என்னது?"

"அண்ணன் அதெல்லாம் தின்னானாம்மா?"

"கடிச்சுக் கடிச்சுத் தின்னான். கறுக்கு முறுக்குன்னு வெளிய கேக்கும். உங்காதுல விழுந்துரக் கூடாதுன்னு நான் அடுப்படியில பாத்திரத்த உருட்டுவேன்."

மாரீஸ்வரிக்கு அந்தப் பாத்திரச் சத்தம் நினைவிருந்தது. 'காய்ச்சக்காரன் படுத்திருக்க வீட்டுல எதுக்கும்மா இப்படி உருட்டுற' என்று அவளே எரிந்து விழுந்திருக்கிறாள்.

அவள் அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"அம்மா, அது அண்ணனக் கொல்லல. வயித்தால போறது அந்தக் காய்ச்சல்லயும் உண்டு. மாத்திரை கூடுனதாலயும் போயிருக்கலாம். ஆனா அதுல உசுரு போகல. அது கொல்லவும் இல்ல, காப்பாத்தியிருக்கவும் செய்யாது."

"ஆத்தா மனசு ஆறட்டும்னு சொல்ற."

"இல்லம்மா."

"பொய் சொல்ற."

"மூணு வருசமா ஒரு நாளைக்குப் பன்னெண்டு நான் தின்னுக்கிட்டு இருக்கேன். செத்தா போனேன்?"

பவுனுக்குப் புரியவில்லை. மாரீஸ்வரி வாயைத் திறந்தாள். மூன்று வருடமாகப் பொத்தி வைத்திருந்த வாய். அவள் முகத்தைப் பிடித்துக் கதவு வெளிச்சத்துக்குத் திருப்பினாள் பவுனு. மஞ்சளாகத் தேய்ந்த பற்களையும், கண்ணாடி போலிருந்த விளிம்புகளையும் பார்த்தாள். சுட்டுவிரலால் ஒரு பல்லைத் தொட்டாள். மாரீஸ்வரியின் கண்ணில் நீர் வந்துவிட்டது, அவ்வளவு கூசியது.

"யாத்தே... இது எதுக்குத்தா?"

"அண்ணன் கேட்டுக்கிட்டே இருந்துச்சு."

"அவந்தான் ஆசை தீரத் தின்னுட்டானேத்தா" என்றாள் பவுனு.

இலைச் சோற்றில் ஒரு கை எடுத்து முற்றத்துச் சுவர் மேல் வைத்துவிட்டு வந்தார்கள். காகம் ஒன்று வந்தது. சோற்றை ஒரு முறை பார்த்தது. பிறகு கீழே இறங்கி, வெயிலில் மின்னிக்கொண்டிருந்த அட்டையை நோக்கி நடந்தது. ஒரு காலால் மிதித்துக்கொண்டு தாளைக் கொத்தியது.

பவுனு மகளின் கையைப் பிடித்தாள். "வெரட்டட்டுமா?"

"வேணாம்."

அலகில் ஆரஞ்சு மாத்திரை. கறுக்.

மாரீஸ்வரி காதைக் கொடுத்துக் கேட்டாள். மூன்று வருடத்தில் முதல் தடவையாக அந்தச் சத்தம் கண்ணெதிரே, வெளியிலிருந்து வந்தது. காகம் தலையைச் சாய்த்து அவளைப் பார்த்துவிட்டு, அடுத்த குமிழியைக் கொத்தத் தொடங்கியது.

அவள் பானையிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் மோந்து வாயைக் கொப்பளித்தாள். பல் ஒவ்வொன்றும் வேர் வரை கூசியது. அது இனி அப்படித்தான் இருக்கும். கொப்பளித்துத் துப்பிவிட்டு, இன்னொரு செம்பு மோந்தாள்.