மடிக்கணினியில் தைல வாசம்

பினாங்கின் மாக் மண்டின் தொழிற்பேட்டையில் உள்ள தொழிற்சாலையில் குமுதாவுக்குக் கொடுத்திருந்த மடிக்கணினி, சூடேறி அடிக்கடி அணைந்துகொண்டிருந்தது. அலுவலகக் கணினியை வெளியாள் திறக்கக் கூடாது என்பது விதி. அவளுக்கோ வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வந்ததும் கெடுத்துவிட்டாள் என்ற பேச்சு வருமோ என்று பயந்து, அலுவலகத்துக்குத் தெரியாமல் கணவன் மோகனராஜிடம் கொடுத்தாள்.

ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டில், சாப்பாட்டு மேசையில் வைத்து அவன் அதைத் திறந்தான். சிப்பின் மேல் சூட்டைக் கடத்தப் பூசியிருந்த பசை காய்ந்து சிமெண்டாக இறுகியிருந்தது. துடைக்கும் ஆல்கஹால் போத்தலில் ஒரு சொட்டும் இல்லை.

"தலைவலித் தைலம் போடுங்களேன். அதுல ஸ்டிக்கர் பசையே போகுது," என்றாள் குமுதா.

பஞ்சைத் தைலத்தில் நனைத்துத் தேய்த்தான். சிப் கண்ணாடிபோல் மின்னியது.

"பார்த்தியா, கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரனே தோத்தான் லா!"

புதுப்பசை வைத்து மூடி இயக்கினான். கணினி அணையவில்லை. ஆனால் சூடு ஏற ஏற, உள்ளிருந்த விசிறி வீடெங்கும் தைல வாசத்தை ஊதியது.

"ஐயோ, நாளைக்கு மீட்டிங்ல பாஸ் பக்கத்துல உட்காரணுமே!"

"உனக்குத் தலைவலின்னு சொல்லு."

அவள் சிரிக்கவில்லை.

"ஆல்கஹால் வாங்கிட்டு வந்து மறுபடியும் துடைக்கிறேன்," என்றான்.

"வாசம் போயிடுமா?"

"மேல உள்ளது போகும். அடியில இறங்கினது போகுமான்னு தெரியல."

குமுதா கைப்பேசியில் பாஸின் எண்ணைத் தேடினாள்.

"யாருக்கு?"

"பாஸுக்குத்தான். நாம திறந்ததை நானே சொல்லிடுறேன். அவர் மோந்து பார்த்துக் கேட்டா, அப்புறம் நான் எது சொன்னாலும் பொய்யாத்தான் தெரியும்."

மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. மோகனராஜ் கணினியை அணைத்தான்.