குழாயைத் தொட்டுவிட்டு

புது வீட்டுக்கு வந்ததிலிருந்து சூர்யபிரகாஷ் அனுப்பிரியாவைத் தொடவில்லை.

கனடாவில், கால்கரியில் ஏழாவது மாடி வீடு. இரண்டு வருடம் மூன்று பெண்களோடு ஒரே அறையில் முடங்கிக் கிடந்தவள், சிவகாசியிலிருந்து புருஷன் வருகிறான் என்று அலைந்து பிடித்தது. பால் காய்ச்சினார்கள். கட்டில் வந்தது, சோபா வந்தது. அவன் பெட்டி மட்டும் பூட்டியபடி வாசல் பக்கமே நின்றது.

உட்கார்ந்தால் எழுந்துவிடுவான். கம்பளம் விரித்த ஹாலில் கால் வைக்க மாட்டான். சமையலறைக் கல் தரையிலேயே வெறுங்காலோடு குறுக்கும் நெடுக்கும் நடப்பான். நடக்கிறவன் சட்டென்று நின்று குழாயில் கை வைப்பான். தண்ணீர் திறக்க மாட்டான். மறுபடி நடப்பான்.

கோபம் என்றுதான் அவள் நினைத்தாள். இருக்காதா? அவனை இழுத்து வந்தவள் அவள்தானே. சிவகாசியிலிருந்து ஆனைக்குட்டம் போகிற வழியில் அவன் அப்பா ராஜபாண்டியனுக்குப் பட்டாசு கம்பெனி. சித்திரையில் வெடிமருந்து கலக்கும் அறை பற்றிக்கொண்டது. தங்கப்பாண்டியன் என்ற தொழிலாளி போய்ச் சேர்ந்தார். சூர்யபிரகாஷ் அறைக்கு வெளியே நின்றதால் பிழைத்தான். கம்பெனியா நானா என்று அன்றைக்கே போனில் கேட்டாள். அவன் வந்துவிட்டான். ஆனால் வந்தவன் இப்படி இருந்தான்.

மாமனார் தினமும் கூப்பிட்டார். அடுத்த சீசனுக்கு ஆர்டர் பிடிக்க ஆள் இல்லை என்றார். அவனுக்கு அங்கே ஒட்டவில்லையென்றால் சொல்லு, டிக்கெட் போடுகிறேன் என்றார். அவள் பிடி கொடுக்காமலே பேசி வந்தாள்.

அன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது அவன் கன்னத்தைத் தொட்டாள். படக்கென்று ஒரு பொறி. காற்று காய்ந்துபோகும் குளிர்காலத்தில் இந்த ஊரில் அது சகஜம். கதவுப் பிடி, லிப்ட் பொத்தான், எதைத் தொட்டாலும் சுள்ளென்று அடிக்கும். ஆபீசில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அவளும் சிரித்தாள். அவன் பின்னால் தாவிச் சுவரில் மோதி, முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டான்.

"தொடாத" என்றான்.

அந்த ஒரு சொல் பகல் முழுக்க அவள் காதில் கிடந்தது. சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது மாமனாருக்குச் செய்தி போட்டாள். டிக்கெட் போடுங்கள் மாமா.

கதவைத் திறந்தால் வீடு குளத்தங்கரை மாதிரி இருந்தது. கதவுகள் மேல் நனைந்த போர்வைகள். ஹீட்டர் மேல் துண்டு. சோபாவில் அவளுடைய சுங்குடிச் சேலை, ஈரம் சொட்டச் சொட்ட. கம்பளமெல்லாம் தண்ணீர். நடுவில் அவன், வெறும் வேட்டியோடு, கையில் செம்பு.

"என்ன செஞ்சு வச்சிருக்கீக?"

"காத்து காஞ்சு கெடக்கு, அனு. வெயில் நாள்ல மருந்து ரூம்ல இப்பிடித்தான் ஈரச் சாக்கைத் தொங்க விடுவோம்."

"இங்கன ஏது மருந்து?"

"எனக்குத் தெரியுது. கைக்குத் தெரிய மாட்டேங்குது."

அவன் செம்பைக் கீழே வைத்தான். பிறகு, இதுவரை சொல்லாததைச் சொன்னான். அந்த அறை வாசலில் ஒரு செம்புத் தகடு அடித்திருக்கும். உள்ளே போகிறவன் அதில் உள்ளங்கையை வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். உடம்பில் ஏறியிருக்கும் கரண்ட் மண்ணுக்கு இறங்கிவிடும். அன்றைக்குத் தங்கப்பாண்டியனுக்கு இரண்டு கையிலும் மருந்துத் தட்டு. தகட்டைத் தொடாமல் போனார். இவன் கூப்பிட வாயைத் திறப்பதற்குள் முடிந்துவிட்டது.

"ஒன்னத் தொட்டா பொறி வருது" என்றான். "ஒனக்கு என்னமும் ஆயிருமோன்னு இருக்கு."

அவள் தோள்பையை இறக்கி வைத்தாள்.

"நான் ஒங்கப்பாட்ட டிக்கெட் போடச் சொல்லிட்டேன்."

அவன் பெட்டியைப் பார்த்தான்.

அவள் பூட்ஸைக் கழற்றினாள். ஈரக் கம்பளத்தில் நடந்து சமையலறைக்குப் போனாள். குழாயில் உள்ளங்கையை அழுத்தி வைத்தாள்.

"இது செம்பு இல்ல. பரவால்லையா?"

"மண்ணுக்கு எறங்குனாச் சரி."

கையை நீட்டினாள். அவன் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவனும் குழாயைத் தொட்டுவிட்டு அவள் கையைப் பிடித்தான். பொறி வரவில்லை. அவன் கையை எடுக்கவில்லை.

போன் அடித்தது. மாமனார். ஊரில் பொழுது விடிந்திருக்கும். அவள் எடுக்கப் போனாள். அவன் முந்திக்கொண்டான், பிடித்த கையை விடாமல்.

"டிக்கெட் வேண்டாம்ப்பா" என்றான். "கம்பெனி ஸ்டோர்ல செம்புத் தகடு கெடந்தா ஒண்ணு பார்சல் போட்டு விடுங்க. இங்க வீட்டு வாசலுக்கு."