இடது காது மணிமேகலைக்கு

ஆண்டியப்பன் முந்திரி கம்பெனியில் ஒரு மெஷினுக்கு இரண்டு பேர். ஒருத்தி காலால் மிதித்துக் கொட்டையை உடைப்பாள். எதிரே உட்காருகிறவள் தோட்டுக்குள் இருக்கும் பருப்பை முள்ளால் நெம்பி எடுப்பாள். உடைப்பது ராஜலட்சுமி, எடுப்பது மணிமேகலை. இரண்டு வருஷமாக அந்த ஜோடி மாறவில்லை. கடைசி எட்டு மாசமாக இன்னொன்றும் மாறவில்லை. ராஜலட்சுமியின் போனில் ஓடும் பாட்டு வலது காதில் அவளுக்கு, இடது காதில் மணிமேகலைக்கு.

வேலைக்கு உட்காரும் முன்பே காதுக்கொன்றாக அந்த வயரில்லாத பட்ஸை மாட்டிவிட வேண்டும். கையில் விளக்கெண்ணெய் தடவி உட்கார்ந்துவிட்டால் மத்தியானச் சாப்பாடு வரை காதைத் தொட முடியாது. முந்திரித் தோட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்ட இடம் வெந்துபோகும். முதல் வாரம் ராஜலட்சுமி மறந்துபோய், பாட்டை மாற்ற விரலால் பட்ஸைத் தட்டிவிட்டாள். காது கொப்பளித்துப் பத்து நாள் தோடு போடாமல் அலைந்தாள். அதற்குப் பிறகு தட்டுகிற வேலை மணிமேகலைக்கு வந்தது. அவள் கை அவ்வளவாக நனையாது. மணிக்கட்டின் பின்பக்கத்தால் தன் காதை இரண்டு தட்டுத் தட்டினால் இருவருக்கும் அடுத்த பாட்டு வந்துவிடும்.

"ஏண்டி, ஒரே கயித்துல கட்டுன ரெண்டு ஆட்டுக்குட்டி மாதிரி ஒண்ணாத் தலைய ஆட்டுறீக?" என்பாள் பக்கத்து மெஷின் புவனேஸ்வரி அக்கா.

"கயிறே இல்லக்கா, அதுதான் விசேஷம்" என்பாள் ராஜலட்சுமி.

மணிமேகலை சிரிப்பதோடு சரி. அவளுக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று படிக்கச் சொன்னதற்குப் பயந்தே பள்ளிக்கூடத்தை விட்டவள் என்று ஊரில் கேலி செய்வார்கள். அது முழுப் பொய்யும் இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் இருவரும் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து, காலையில் கேட்ட பாட்டை ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்கொள்வார்கள். சில பாட்டில் வயலின் வலது காதில் மட்டும் வரும். தபேலா இடது காதில் மட்டும் வரும். "எனக்கு அந்த எடத்துல ஒரு புல்லாங்குழல் வந்துச்சே, ஒனக்கு வரல?" என்று ராஜலட்சுமி கேட்பாள். வரவில்லையென்றால் வாயாலேயே ஊதிக் காட்டுவாள். ஒரு பாட்டு முழுசாக வேண்டுமென்றால் இரண்டு பேரும் வேண்டும். மணிமேகலைக்கு அது பிடித்திருந்தது.

பட்ஸை வாங்கிக் கொடுத்தவன் ஜெரால்டு. கம்பெனிக்குக் கொட்டை மூட்டை இறக்கும் லோடு வண்டியின் டிரைவர். வேதக்காரப் பையன், திண்டுக்கல் பக்கம். ராஜலட்சுமி அதை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. "எங்கண்ணன் கண்ணுல பட்டா யாரு குடுத்தான்னு தோண்டித் துருவுவான். நீயே வச்சிரு. ஒங்கப்பா ஒண்ணும் கேக்க மாட்டாரு" என்று மணிமேகலையிடம் கொடுத்துவிட்டாள். மணிமேகலை வீட்டில் டப்பாவைச் சார்ஜ் போட்டுத் துடைத்துக் காலையில் கொண்டுவருவாள். அவளிடம் இருந்தது பட்டன் போன். அதில் பட்ஸ் பாடாது.

பாட்டுக்கு நடுவில் ஜெரால்டு கூப்பிடுவான். பாட்டு நின்று காதுக்குள் மணி அடிக்கும். ராஜலட்சுமி கையைத் தூக்கிக் காட்டித் தாடையை அசைப்பாள். மணிமேகலை மணிக்கட்டால் தட்டுவாள். ராஜலட்சுமி 'ம்' என்பாள். அந்த 'ம்' வரும்வரை அவன் வாயைத் திறக்க மாட்டான், வேறு யாராவது எடுத்துவிட்டால் என்ன செய்வது என்று. வந்துவிட்டால் நிறுத்த மாட்டான். டீசல் போட்ட கதை, டயர் வெடித்த கதை, நேற்றுக் கனவில் அவள் வந்த கதை. சுற்றிலும் ஆட்கள் இருப்பதால் ராஜலட்சுமிக்கு 'ம்'மைத் தவிர வேறு பேச்சில்லை. அந்த நேரம் அவள் முகம் அடுப்பு வெளிச்சம் பட்டது போலச் சிவந்திருக்கும்.

அவன் பேசுவது அத்தனையும் மணிமேகலையின் காதிலும் விழுந்தது. அது அவனுக்குத் தெரியாது. ராஜலட்சுமிக்குத் தெரியும். "கேட்டா என்ன? நீ வேற ஆளா?" என்றாள்.

ஒரு புதன்கிழமை அவன் வழக்கத்தைவிட மெதுவாகப் பேசினான். நாளைக் காலை ஆறரை மணிக்குப் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு. திருப்பூரில் வீடு பார்த்தாகிவிட்டது. மாற்றுச் சேலை ஒன்று போதும். கடைசியில் சிரித்துக்கொண்டே, "அந்த ஊமப்பிள்ளைய விட்டுட்டு வருவியா, இல்ல அதையும் இடுப்புல தூக்கிட்டு வருவியா?" என்றான்.

ராஜலட்சுமி மணிமேகலையைப் பார்த்தாள். "ம்" என்றாள். எந்தக் கேள்விக்கு அந்த 'ம்' என்று அவள் சொல்லவில்லை. மிதியை மிதித்து அடுத்த கொட்டையை உடைத்தாள்.

அன்று சாயங்காலம் குழாயடியில் ராஜலட்சுமியின் அம்மா சின்னப்பிள்ளை குடத்தை வைத்துவிட்டு, "என்ன ஆத்தா, மொகம் செத்துக் கெடக்கு? காய்ச்சலா?" என்று நெற்றியில் கை வைத்தாள். அந்தக் கை பட்டதும் மணிமேகலைக்கு அழுகை வந்துவிட்டது. நாளைக்கு ஒருநாள் தள்ளிப்போனால் போதும் என்றுதான் அவள் நினைத்தாள். ஒரே ஒரு நாள். எதிரே உட்கார்ந்து ஒரு நாள் பாட்டுக் கேட்டுவிட்டு, போகாதே என்று எப்படியாவது சொல்லிவிடலாம்.

"அத்தை, நாளைக்கு அவள வெளிய விடாதீங்க" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். யாருடைய பெயரையும் சொல்லவில்லை. ஆனால் வயசுப்பெண் இருக்கிற வீட்டில் அவ்வளவு போதும்.

ராஜலட்சுமி அதற்குப் பிறகு கம்பெனிக்கு வரவில்லை. அண்ணன் ரெங்கசாமி அவள் போனைப் பிடுங்கிக்கொண்டான். மூன்றாம் நாளே பொன்னமராவதியில் கடை வைத்திருக்கும் கோபிநாத் என்பவருக்குப் பேசி முடித்து, அடுத்த மாசம் முதல் முகூர்த்தத்தில் கல்யாணம் என்று வைத்துவிட்டார்கள். ஜெரால்டு வண்டியும் வரவில்லை. வேறு டிரைவர் வந்தார்.

மணிமேகலைக்கு எதிரே உடைக்கக் குளத்தூர்ப் பக்கமிருந்து ஒரு அக்கா வந்தாள். மணிமேகலை தினமும் பட்ஸை மாட்டிக்கொண்டே உட்கார்ந்தாள். இப்போது இரண்டு காதிலும். போன் இல்லாத பட்ஸில் ஒன்றுமே வராது. மெஷின் சத்தம் கொஞ்சம் குறைந்து கேட்கும், தன் மூச்சு தனக்குக் கேட்கும். அதைக் கழற்றிவிட்டால் ராஜலட்சுமி போனது நிஜமாகிவிடும் போல இருந்தது.

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ரெங்கசாமி பைக்கில் கம்பெனிக்கு வந்தான். தங்கச்சியின் டிபன் கேரியரும் வேலைச் சேலையும் ஷெட்டில் கிடந்தன. பைக்கை வாசலை ஒட்டி நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். ராஜலட்சுமியின் போனை அவன் வீட்டில் விட்டுவைப்பதில்லை. பைக் டேங்க் கவரில் போட்டே சுற்றினான். எவன் கூப்பிடுகிறான் என்று பிடிக்க அணைக்காமல் வைத்திருந்தான். அவன் எடுத்து 'யார்றா' என்றால் எதிர்ப்பக்கம் வைத்துவிடுகிறதாம்.

மணிமேகலையின் காதுக்குள், முன்பெல்லாம் காலையில் ராஜலட்சுமியின் போனோடு பட்ஸ் சேரும்போது வரும் அந்தப் பெண்குரல், "கனெக்டட்" என்றது.

என்னவென்று புரிவதற்குள் காதுக்குள் மணி அடித்தது. வாசலில் டேங்க் கவருக்குள் கிடந்த போனின் சத்தம் மெஷின் இரைச்சலைத் தாண்டி வரவில்லை. மணி இந்த இரண்டு காதுக்கு மட்டும் அடித்தது. ரெங்கசாமி ஆறடி தள்ளி நின்று ஆண்டியப்பனோடு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். மணிமேகலையின் மணிக்கட்டு தானாக எழுந்து தட்டியது.

எதிர்ப்பக்கம் சத்தமில்லை. காத்திருக்கிறான்.

"ம்" என்றாள் மணிமேகலை.

"ராசி!" அவன் குரல் தலைக்கு நடுவில் வந்து நின்றது. "ராசி, நல்லாருக்கியா? அடிச்சாங்களா? அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் பஸ் ஸ்டாண்டுலயே நின்னேன். கல்யாணம்னு கேள்விப்பட்டேன். நீ சம்மதிச்சுட்டன்னு சொல்றாங்க. நான் நம்பல. இங்க பாரு, இன்னைக்கும் புதுக்கோட்டைலதான் இருக்கேன். வான்னு ஒரு வார்த்தை சொல்லு. எவன் நின்னாலும் வந்து கூட்டிட்டுப் போறேன். ஒரே ஒரு வார்த்தை."

வா. ஒரு எழுத்து. அவள் வாயைத் திறந்தாள். ரெங்கசாமி திரும்பிப் பார்த்தான். புவனேஸ்வரி அக்கா பார்த்தாள். ஷெட்டே தன்னைப் பார்ப்பது போல, எழுந்து நின்று படி என்று யாரோ சொன்னது போல இருந்தது.

"சொல்லு ராசி. வேணாம்னா பேசாம இரு. நான் புரிஞ்சுக்கிறேன்."

மெஷின்கள் டக் டக்கென்று உடைத்துக்கொண்டிருந்தன. அவன் எவ்வளவு நேரம் காத்திருந்தான் என்று மணிமேகலைக்குத் தெரியாது. அவள் முன்னால் உடைத்துப் போட்ட கொட்டை குவிந்துவிட்டது.

"சரி" என்றான். குரல் உடைந்திருந்தது. "நல்லாரு."

ரெங்கசாமி கேரியரை மாட்டிக்கொண்டு பைக்கைக் கிளப்பினான். அவன் ரோட்டுக்கு ஏறியதும் காதுக்குள் இருந்த பெண், "டிஸ்கனெக்டட்" என்றாள்.

பொண்ணழைப்பு அன்று மணமகளின் அறைக்குள் யாரையும் விடவில்லை. மணிமேகலையை மட்டும் சின்னப்பிள்ளையே கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விட்டாள். "இது நம்ம பிள்ள" என்று வாசலில் உட்கார்ந்திருந்த பெண்களிடம் சொன்னாள்.

ராஜலட்சுமி பட்டுச் சேலையில் கட்டில் நுனியில் உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். மணிமேகலை பட்ஸ் டப்பாவை நீட்டினாள்.

"எனக்கு எதுக்கு? போன் இல்லாம அது பாடுமா?" என்றாள் ராஜலட்சுமி. பிறகு வாசலைப் பார்த்துக்கொண்டே, உதடு அசையாமல் சொன்னாள்: "சொன்னது நீதான்னு எனக்கு அன்னைக்கே தெரியும்டி. ரெண்டு பேரு காதுலதான அது விழுந்துச்சு. அத விடு. அவரு ஒன்னையாச்சும் பாக்க வந்தாரா? ஏதாவது சொல்லிவிட்டாரா? உண்மையச் சொல்லு. அவரு தேடவே இல்லன்னா எனக்கு நிம்மதி. போயிருவேன்."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதுவரை எத்தனையோ இடத்தில் பேசாமல் இருந்தவள், அந்த இடத்தில் பேசினாள். பைக் வந்தது, மணி அடித்தது, 'ம்' என்றது, அவன் நாள் முழுக்க நின்றது, புதுக்கோட்டையில் காத்திருந்தது. ஒன்றையும் விடவில்லை.

ராஜலட்சுமியின் கண் பெரிதானது. அவள் மணிமேகலையின் கையைப் பிடித்தாள். "வரச் சொன்னியா?"

"ரெங்கண்ணன் அங்கிட்டு நின்னுச்சு…"

"சொன்னியா இல்லையாடி?"

"வாய் வரல ராசி."

பிடித்த கை ஒவ்வொரு விரலாக விட்டது. ராஜலட்சுமி அழவில்லை. மடியிலிருந்த சேலை மடிப்பை நீவிவிட்டாள். உறவுக்காரி யாரிடமோ பேசுவது போல, "வெளிய பந்தி போட்டிருக்காக. சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள்.

மணிமேகலை நின்றுகொண்டே இருந்தாள். ராஜலட்சுமி மறுபடி நிமிரவில்லை.

பந்தலில் கடைசி வரிசையில் ஓர் இலை காலியாக இருந்தது. மணிமேகலை உட்கார்ந்தாள். சாப்பிடச் சொல்லிவிட்டாள், சாப்பிட வேண்டும். சின்னப்பிள்ளை வாளியோடு தானே வந்தாள். வியர்த்து, சந்தோஷமாக, கண் கலங்கி இருந்தாள். குனிந்து காதோரம் சொன்னாள்:

"நீ மட்டும் அன்னைக்கு வாயைத் தொறக்கலைன்னா இந்த வீட்டு மானம் கப்பலேறியிருக்கும் ஆத்தா. நீ நல்லாருக்கணும்."

இலையில் ஒரு கரண்டி கேசரி வைத்தாள். போதும் என்று மணிமேகலை கையை மறித்தாள். சின்னப்பிள்ளை அந்தக் கையைச் செல்லமாகத் தள்ளிவிட்டு இன்னொரு கரண்டி வைத்தாள். அவள் சாப்பிடுகிறாளா என்று பார்த்தபடி அங்கேயே நின்றாள்.