அட்டைக்குப் பின்னால்

மூன்றாவது ஆல்பத்தையும் பெரியம்மா பட்டென்று மூடினாள்.

"ஒண்ணுல முதுகு. ஒண்ணுல பாதிக் காது. இதுல பாரு, உங்கம்மா கண்ணை மூடிக்கிட்டு நிக்கிறா. போட்டோ படிக்கிற பொண்ணு இருக்கிற வீடாடி இது?"

மகள் அந்த ஆல்பத்தை எடுத்து மற்ற இரண்டின் மேல் அடுக்கினாள். கேள்வியில் நியாயம் இருந்தது. கல்லூரியில் ஒரு வருடமாக அவள் மரத்தை எடுத்திருந்தாள், மாடிப்படியை எடுத்திருந்தாள், ஈரத் தரையில் விழுந்த தெருவிளக்கு வெளிச்சத்தை எடுத்து நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தாள். அம்மாவை எடுத்ததில்லை. கல்லூரிக் கேமராவை வீட்டுக்குக் கொண்டுவர அனுமதி கிடையாது. கைப்பேசியைத் தூக்கினாலோ அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பகல் முழுக்க ஊரார் முகத்தை உற்றுப் பார்க்கிறவளுக்குத் தன் முகத்தை யாராவது பார்த்தால் ஆகாது.

அம்மா மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள், இருபத்தாறு வருடம். நேற்று மதியம் ஒரு கண்ணாடிக்குத் திருகாணி மாட்டிக்கொண்டிருந்தவள் மேசை மேல் தலையைச் சாய்த்தாள். களைப்பில் கண்ணயர்ந்திருக்கிறாள் என்று கூட வேலை பார்ப்பவர்கள் பத்து நிமிடம் சத்தம் போடாமல் இருந்தார்களாம். மருத்துவமனையில் இதயம் என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடித்துவிட்டார்கள்.

இன்று மூன்று மணிக்கு மருத்துவமனையிலிருந்து உடலை மயான மண்டபத்துக்குக் கொண்டுவருவார்கள். நாலரைக்குத் தகனம். மண்டபத்து வாசலில் வைக்க ஒரு படம் வேண்டும். பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தருகிறவர் பன்னிரண்டு மணிக்குள் கொடுத்தால்தான் முடியும் என்று கறாராகச் சொல்லியிருந்தார். இப்போது மணி பத்து.

கையில் மிஞ்சியது அம்மாவின் அடையாள அட்டை ஒன்றுதான். தபால்தலை அளவுக்கு ஒரு படம், தாடை மேல் கடையின் முத்திரை.

"இதையா வைக்கிறது? போலீஸ் தேடற ஆள் மாதிரி இருக்கா" என்றாள் பெரியம்மா. சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

மகளுக்கு அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது.

"பெரியம்மா, படம் இருக்கு. கேமராக் கடையில இருக்கு. எந்தக் கேமரா நல்லா இருக்குன்னு பாக்க அம்மாவைத்தான் எடுத்தேன். நிறைய எடுத்தேன்."

"இன்னுமா அழிக்காம வச்சிருப்பாங்க?"

"போய்ப் பாத்துட்டு வரேன்."

அப்பா ஜன்னலோர நாற்காலியில் இருந்தார். நேற்று மாலையிலிருந்து அங்கேயேதான். யாராவது வந்தால் எழுந்து நிற்பார், அவர்கள் நகர்ந்தால் உட்காருவார். அழவில்லை. அவர் அழாதது எல்லோருக்கும் பயமாக இருந்தது. "ஒரு மணி நேரத்துல வந்துடறேன்ப்பா" என்றதற்குத் தலையை மட்டும் அசைத்தார். அவர் மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் தளர்ந்து, கண்ணாடி ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. அதை ஞாயிறுதோறும் முறுக்கிக் கொடுப்பது அம்மாவின் வேலை. போன ஞாயிறு கேமராக் கடைக்குப் போனதில் விட்டுப்போயிருந்தது.

அன்று அந்தக் கடையில் ஒன்றரை மணி நேரம் இருந்தார்கள். இரண்டாம் வருடத்திலிருந்து ஆளுக்கொரு டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமரா வைத்திருக்க வேண்டும் என்பது கல்லூரி விதி. ஒரு மாதமாக இணையத்தில் படித்துப் படித்து, சென்சார் அளவும் மெகாபிக்சலும் கனவில் வருகிற நிலைக்கு அவள் வந்திருந்தாள். வகுப்பில் பத்துப் பேரிடம் கேட்டால் பதினோரு யோசனை. கடைசியில் இரண்டில் வந்து நின்றது. ஒன்று புத்தம் புதியது: இருபத்துநாலு மெகாபிக்சல், எந்தப் பக்கமும் திரும்பும் திரை, கூடவே வரும் சாதாரண ஜூம் லென்ஸ். மற்றது யாரோ பயன்படுத்திவிட்டு விற்றது. அந்த மாடலைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டார்கள். மூலைகளில் கறுப்புப் பூச்சு தேய்ந்திருந்தது. ஜூமும் கிடையாது, ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று மட்டும். மகளின் மனசு புதியதில்தான் இருந்தது.

அம்மா கேமராக்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. லென்ஸை மட்டும் கழற்றித் தரச் சொன்னாள். வாயால் ஊதி, படிந்த ஆவி எப்படி மறைகிறது என்று பார்த்தாள். டியூப்லைட்டுக்கு நேரே சாய்த்து, மேல்பூச்சில் பச்சையும் ஊதாவும் ஓடுவதைப் பார்த்தாள். முதல் ஊதலில் பதறிப்போன கடைக்காரர், வந்திருப்பவள் தொழில் தெரிந்தவள் என்று புரிந்ததும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"பழசுல இருக்கிற கண்ணாடிதான் நல்ல கண்ணாடி" என்றாள் அம்மா.

"லென்ஸ்மா."

"எல்லாம் ஒண்ணுதான். எங்க கடைக்கும் வருவாங்க. ஃபிரேமுக்கு ஒரு மணி நேரம் ஆராய்ச்சி நடக்கும். கண்ணாடின்னு வந்தா ஏதோ ஒண்ணு போடுங்கம்பாங்க."

"எனக்குத் திரும்புற திரை வேணும்."

"திரும்பித் திரும்பி யாரைப் பாக்கப் போற?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். மகளின் முகம் சுருங்கியது. அதைப் பார்த்த அம்மா கைப்பையைத் திறந்து ஒரு அட்டையை எடுத்தாள். கண்ணாடிக் கடையில் வாடிக்கையாளர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லும் அட்டை அது. மேலே பெரிய எழுத்தில் ஒரு வாக்கியம் இருக்கும். கீழே வரவர எழுத்து சிறுத்துக்கொண்டே போகும். ஓரங்களில் பிளாஸ்டிக் உறை பிரிந்துபோன பழைய அட்டை. சண்டை வரும் என்று தெரிந்தேதான் கொண்டுவந்திருக்கிறாள்.

"ரெண்டுலயும் இதை எடு. எதுல கடைசி வரி தெரியுதோ அதை வாங்கு. தீந்தது."

ஸ்டூலில் உட்கார்ந்து, லென்ஸுக்கு நேர் உயரத்தில் இருக்கட்டும் என்று, அட்டையை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டாள்.

"இந்த அட்டை ரொம்ப வருஷமா இருக்கு போல மேடம்" என்றார் கடைக்காரர்.

"இதுலதான் இவ அப்பா மாட்டினார்." அட்டைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. "தண்ணி மீட்டர் கணக்கெடுக்கிறவர். கடைசி வரி தெரியலைன்னு வந்து உக்காந்தார். அடுத்த வாரம் வாங்கன்னேன். வந்தார், தெரியலைன்னார். மூணு வாரம் இதே கதை. பொடிப்பொடி நம்பரையெல்லாம் குனிஞ்சு படிச்சு எழுதற மனுஷன். நாலாவது வாரம் முதலாளி உள்ள கூட்டிட்டுப் போய் மெஷின்ல வச்சுப் பாத்தா, கண்ணுல ஒரு குறையும் இல்ல."

மகள் ஆயிரம் தடவை கேட்ட கதை. "ஆடாம பிடிம்மா" என்றாள்.

மொத்தம் பதினேழு படங்கள் எடுத்தாள். கணினியில் போட்டுப் பார்க்கலாம் என்று அம்மா சொன்னாள். பார்த்தால் தோற்றுவிடுவோமோ என்று இருந்தது மகளுக்கு. "நான் யோசிக்கணும்" என்று வெளியே வந்துவிட்டாள். பேருந்தில் மூன்று நிறுத்தம் வரை பேசவில்லை. நாலாவதில் அம்மா, "உன் இஷ்டப்படியே எடு, அடுத்த ஞாயிறு வரலாம்" என்றாள். மகள் "பாக்கலாம்" என்றாள். அதோடு அந்தப் பேச்சு நின்றுபோனது.

இப்போது அதே பேருந்தில் தனியாகப் போகும்போதுதான் அட்டை மறைத்திருக்குமே என்று அவளுக்கு உறைத்தது. பதினேழில் ஒன்றிலாவது இறக்கியிருப்பாள் என்று சொல்லிக்கொண்டாள்.

கடைக்காரர் அப்போதுதான் கதவைத் திறந்து கண்ணாடி அலமாரிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா. மேடம் வரலையா?"

"அம்மா நேத்து இறந்துட்டாங்க. அன்னைக்கு எடுத்த படமெல்லாம் இருக்கா?"

அவர் துணியைக் கீழே வைத்தார். இழுப்பறையைத் திறந்தார். "ரெண்டு கேமராவோட மெமரி கார்டையும் தொடவே இல்ல. நீங்க திரும்பி வருவீங்கன்னு தெரியும்" என்றார்.

கணினியில் ஒவ்வொன்றாக வந்தது. முதல் ஒன்பது புதிய கேமரா, மீதி எட்டு பழையது. ஒன்றிலும் முகம் இல்லை. அட்டைக்கு மேலே கொஞ்சம் தலைமுடி. இரண்டு பக்கமும் கைகள். வலது கட்டைவிரல் நகம், திருப்புளி பட்டுப்பட்டு நடுவில் பிளந்திருந்தது. பதினேழு தடவையும் மகள் எழுத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறாள். அட்டையை இறக்கும்மா என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும். சொல்லத் தோன்றவே இல்லை. அவளுக்குத் தன்மேல் வெறுப்பாக இருந்தது.

என்ன செய்வதென்று தெரியாமல் கடைக்காரர் படத்தைப் பெரிதாக்கினார். புதிய கேமராவில் கடைசி வரி ஒரு சாம்பல் கோடாக இருந்தது. பழையதில் அதே இடத்துக்கு வந்தார். 'சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது.' ஒரு புள்ளி பிசகாமல் தெரிந்தது.

"மேடம் சொன்னது சரிதான்" என்றார் மெதுவாக.

"ஆமா."

அவர் கார்டைப் பழைய கேமராவில் போட்டு, கேமராவைப் பையில் வைத்து நீட்டினார். "எடுத்துட்டுப் போம்மா. மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

வெளியே வந்து பெரியம்மாவைக் கைப்பேசியில் அழைத்தாள். "இல்ல பெரியம்மா. அடையாள அட்டையையே கொடுத்துடுங்க."

"ஒண்ணுகூடவாடி தேறலை?"

"தேறலை."

மூன்று மணிக்கு மண்டபத்து வாசலில் படம் இருந்தது. முத்திரையை அழிக்கும்போது தாடையும் கொஞ்சம் போயிருந்தது. வந்தவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு, சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோமா என்று ஒரு கணம் தயங்கி, பெரியம்மாவைக் கண்டதும் உள்ளே போனார்கள். கண்ணாடிக் கடை ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். நேற்று பத்து நிமிடம் சத்தம் போடாமல் இருந்ததை ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து அவளிடம் சொன்னார்கள்.

அப்பா உள்ளே இல்லை. பக்கவாட்டுச் சுவரோரம் ஒரு பெஞ்சில் இருந்தார். காலடியில் மண்டபத்தின் தண்ணீர் மீட்டர் பெட்டி. எங்கே போனாலும் மீட்டர் மூடியைத் தூக்கி எண்ணைப் பார்த்துவிடுகிற மனிதர் இன்று அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கேமரா வாங்கிட்டியா?" என்றார், பையைப் பார்த்து.

"எடுத்துட்டு வந்தேன்ப்பா."

"எது? திரும்புறதா?"

அம்மா இவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். "இல்ல. அம்மா சொன்னது."

"ம்."

அவள் கேமராவை எடுத்துத் திரையில் கடைசிப் படத்தைக் கொண்டுவந்தாள். "முகம் இல்லப்பா. நான் பாக்கலை. எழுத்தையே பாத்துக்கிட்டிருந்தேன்." இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டாள்.

அப்பா சட்டை நுனியால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அது சரிந்தது. அவள் கையை நீட்டி, தளர்ந்த காலை அவர் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"கை இருக்கே" என்றார்.

பிறகு, மீட்டர் எண்ணை வாசிக்கும் அதே குரலில், மேலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

"இன்று வெயில் அதிகம்."

அவள் அடுத்த வரி தெரிகிற அளவுக்குப் பெரிதாக்கினாள்.

"பால்காரர் இன்னும் வரவில்லை. கடிதம் கிடைத்தது, எல்லோரும் நலம்."

உள்ளேயிருந்து யாரோ அவர்களைத் தேடும் குரல் கேட்டது. இருவரும் எழவில்லை.

"பேருந்து ஏழு மணிக்குப் புறப்படும்."

அங்கே நிறுத்தினார். அவள் பொத்தானை அழுத்தி அழுத்தி, இனி பெரிதாகாது என்கிற இடம் வரை கொண்டுபோனாள். கடைசி வரியின் எழுத்துகள் திரையை அடைத்துக்கொண்டு நின்றன.

"இப்பத் தெரியுதாப்பா?"

அப்பா குனிந்தார். அவர் உதடு ஒரு தடவை அசைந்து நின்றது.

"தெரியலை" என்றார். "கடைசி வரி தெரியலை."

சற்று நேரத்தில் திரை தானாக அணைந்தது. அவள் பொத்தானைத் தொட்டு அதை மறுபடி ஒளிரச் செய்தாள்.