மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலி

எலியாவை இறக்குவதற்கு முன்னால் நாற்காலிகளை இறக்க வேண்டியிருந்தது. பாறசாலையில் கூரை ஓடு சுட்ட பழைய ஓட்டுக் கம்பெனி இப்போது அருங்காட்சியகம். அதன் குறுகலான வாசலில் இரண்டு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சிக்கிக்கொண்டன. முன்னால் நின்ற டெம்போவில் எலியாவின் வாடகைச் சாமான் கடை நாற்காலிகள். பின்னால் நின்ற ஆம்புலன்ஸில் எலியா.

"அக்கா, கசேரய முதல்ல எறக்கவா, அப்பாவ முதல்ல எறக்கவா?" என்று டெம்போ ஓட்டும் சஜு கேட்டான்.

"கசேரய எறக்குலே. அப்பா ஒண்ணும் அவசரப்படமாட்டாரு" என்றாள் ஷீனா.

சாவு வீட்டு மகள் வெள்ளைச் சுடிதாரோடு நின்று நாற்காலி இறக்குவதை மேற்பார்வை பார்ப்பது நாலு பேர் பார்வைக்கு அழகல்லதான். ஆனால் கடையில் ஆர்டர் எடுப்பதும் சாமான் அனுப்புவதும் அவள்தான். தவிர, எலியா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடைசியாகப் பேசியதே இன்றைய சனிக்கிழமை நிகழ்ச்சிக்கான நாற்காலிகளைப் பற்றித்தான். "சனியாழ்ச்ச மியூசியம் பரிபாடிக்கு கசேர சொல்லியிருக்கு மக்கா, மறந்துராத." கடைசி வார்த்தை என்ன என்று போதகர் கேட்டபோது எலியாவின் மனைவி ஓமனா அதைக் கொஞ்சம் திருத்தி, "ஆண்டவரேன்னு சொன்னாரு" என்று சொல்லிவிட்டாள்.

காஞ்சிரங்குளத்து வீட்டில் நேற்று முழுவதும் எலியா கிடந்தது தன் சொந்தக் கடையின் குளிர்பெட்டியில். கல்யாணத்துக்குப் பந்தல், நாற்காலி, சாவுக்குக் குளிர்பெட்டி, இரண்டுக்கும் பொதுவாக மைக் செட் என்று கடை நடத்தியவர் அவர். அந்தப் பெட்டியைத் துடைக்கும்போதெல்லாம், "ஒரு நாளு நான் இதில ஓசியில கெடப்பேன் பாத்துக்கோ" என்று சொல்லிச் சிரிப்பார். சொன்னபடி கிடந்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றிய அபூர்வ சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

நாற்காலிகள் இறங்கி முடியவும் கிருஷ்ணன்குட்டி சார் மலர்வளையத்தோடு வந்தார். அருங்காட்சியகக் குழுவின் தலைவர். கூட்டுறவு சங்கத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற மறுவாரம் அவருக்கு வரலாற்றில் ஆர்வம் வந்தது. மூடிக்கிடந்த ஓட்டுக் கம்பெனியின் புகைபோக்கியையும் சூளையையும் சுற்றிக் கயிறு கட்டி, அது பாரம்பரியம் என்று அறிவித்தார். அவருடைய சொந்த வீடு முழுக்கக் கான்கிரீட். ஓட்டின் மீது அவர் கொண்டிருந்த அன்பு கொள்கை அளவிலானது.

"மோளே, பரிபாடிய நாங்க கேன்சல் செய்யேல்ல. அப்பாவ அதுல ஒரு ஐட்டமா சேத்திருக்கு" என்றார் அவர், ஆறுதல் சொல்லும் குரலில். "பிள்ளையளுக்கு மண்ணில ஓடு செய்யுத போட்டி, பின்ன பொதுதரிசனம், பின்ன கஞ்சியும் பயறும்."

வாசலில் கட்டியிருந்த பிளெக்ஸ் பலகையில் எலியா சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் கணினியில் வரைந்த தீ. 'தீயின் தோழன், கடைசிச் சூளைக்காரர் எலியா அவர்களுக்கு அஞ்சலி' என்று மலையாளத்திலும் தமிழிலும் எழுதியிருந்தது.

ஷீனா ஆம்புலன்ஸின் பின்கதவைத் திறந்தாள். உள்ளே ஓமனா சவப்பெட்டியின் ஓரத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"இப்பளும் ஒண்ணும் கெட்டுப்போவல்ல பிள்ளே. வண்டிய நேரே சர்ச்சுக்கு விடச் சொல்லு."

"அரை மணிக்கூறு அம்மா."

"அரை மணிக்கூறுல மானம் போவாதா? எவனெங்கிலும் எந்திச்சு, இவன் ஒருநாளும் சூளைக்காரன் இல்லன்னு சொன்னா என்ன செய்வ? உயிரோட இருந்தா வேற ஒரு பொய்ய சொல்லி தப்பிச்சிருவாரு. கெடக்குத மனுஷன் என்ன செய்வாரு?"

அதுதான் விஷயம். எலியா சூளைக்காரர் இல்லை. ஓட்டுக் கம்பெனி ஓடிய காலத்தில் அவர் பம்பாயில் ஒரு பேக்கரியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். "பம்பாயில நின்னோண்டு பாறசாலை சூளையில தீ போட்டாராம். நல்ல நீளமுள்ள கையாக்கும்" என்று ஓமனா வீட்டுக்குள் சொல்வாள். வெளியே சொன்னதில்லை.

தப்பு நடந்தது அருங்காட்சியகம் திறந்த அன்று. மூத்த சூளைத் தொழிலாளிக்குப் பொன்னாடை போர்த்துவதாக நிகழ்ச்சி. அந்தத் தொழிலாளி யார் என்று விசாரித்து வைக்கும் பொறுப்பைக் குழுவில் ஒவ்வொருவரும் இன்னொருவருக்குக் கொடுத்திருந்தார்கள். எல்லோருக்கும் தெரிந்தது ஒன்றுதான்: ஆளை மேடையில் மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். நாற்காலிகளைச் சுமந்து போட்ட எலியா, வேர்வை வழிய, கால் ஆடுகிறதா என்று பார்ப்பதற்காக அதே நாற்காலியில் உட்கார்ந்தார். காற்று சுகமாக இருந்தது. கொஞ்சம் கண்ணை மூடினார். திறந்தபோது தோளில் பொன்னாடை இருந்தது. கிருஷ்ணன்குட்டி சார் கண் கலங்கி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, சூளையில் எத்தனை வருஷம் என்று மைக்கில் கேட்டார்.

"எண்ணிப் பாத்ததில்ல சார்" என்றார் எலியா. அது உண்மைதான்.

கைதட்டல் எழுந்தது. போட்ட பொன்னாடையைக் கழற்றித் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் நெய்யாற்றின்கரை தாலுகாவில் எங்கும் இல்லை. டெம்போ பக்கத்தில் நின்று ஷீனா எல்லாவற்றையும் பார்த்தாள். கூடவே இன்னொன்றையும் பார்த்தாள். கடைசி வரிசையில் ஒரு வயதான அம்மாள், மேடைக்குப் போவதற்காகச் சேலையைச் சரிசெய்துகொண்டு பாதி எழுந்தவள், அப்படியே திரும்ப உட்கார்ந்தாள்.

அந்த அம்மாள் தங்கபாய். கம்பெனி மூடும் வரை சூளை வாயில் நின்று தீ போட்டவள் அவள்தான் என்று பிற்பாடு ஷீனாவுக்குத் தெரிந்தது. சூளைக்காரர் என்றால் ஆண் என்று கிருஷ்ணன்குட்டி சார் முடிவு செய்திருந்ததால், ஒரு பெண்ணைத் தேட அவருக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு வாரா வாரம் சனிக்கிழமை நிகழ்ச்சி. 'சூளையைக் கேளுங்கள்' என்று பெயர். பள்ளிப் பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். எலியா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் அதே மின்விசிறிக்குக் கீழே அதே நாற்காலியில் உட்கார்ந்து, சூளைக்குள் போன பூனை வெந்த ஓட்டோடு வெளியே வந்த கதையையும், மேஸ்திரியின் மீசை பொசுங்கிய கதையையும் சொல்லுவார். பிள்ளைகள் உருண்டு சிரிக்கும். ஒவ்வொரு முறையும் தங்கபாய் வந்து, கடைசி வரிசையில் தண்ணீர் டிரம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அவர் பேசும்போது அவள் உதடுகள் அசையும். சபிக்கிறாள் என்றே ஷீனா நினைத்திருந்தாள்.

நேற்று கிருஷ்ணன்குட்டி சார் வீட்டுக்கு வந்து பொதுதரிசனம் கேட்டபோது தங்கபாயின் முகம்தான் அவள் கண்ணில் வந்தது. ஆனாலும் சரி என்றாள். சனிக்கிழமை காலையில் அப்பா சட்டைப் பொத்தான் போடும்போது சீட்டியடிப்பார். வேறு எந்தக் கிழமையிலும் அவர் சீட்டியடித்து அவள் கேட்டதில்லை.

பெட்டியை மண்டபத்தின் நடுவில், பெஞ்சு மேல் இறக்கினார்கள். ஓமனா குனிந்து எலியாவின் சட்டைக் கையை இழுத்து நேராக்கினாள். பால் போல வெள்ளைச் சட்டை. "ஒரு பொட்டு மண்ணு படாத கை. சூளைக்காரனாம்" என்று வாய்க்குள் சொல்லி, மூக்கைச் சிந்தினாள்.

தங்கபாய் தண்ணீர் டிரம் பக்கத்தில் இருந்தாள்.

முதலில் கம்பெனியின் பழைய சங்கொலி. அதற்காகக் கிருஷ்ணன்குட்டி சார் தன் மொபைலை ஒலிபெருக்கியோடு இணைத்து, ஒரு நிமிடம் எல்லோரும் மௌனமாக எழுந்து நிற்கும்படி கேட்டுக்கொண்டார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை என்று ஒரு நகைக்கடை விளம்பரம் முழங்கியது. அதைத் தாண்டிப் போக ஐந்து நொடி காத்திருக்க வேண்டும் என்று போன் சொன்னது. எல்லோரும் தலைகுனிந்து காத்திருந்தார்கள்.

பிறகு பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். ஓடு செய்யும் போட்டியின் நடுவில் எழுந்து வந்தவர்கள். முழங்கை வரை ஈரக் களிமண். பூ போடச் சொன்னபோது பூவோடு மண்ணும் விழுந்தது. ஒரு சின்னப் பெண் எலியாவின் கையைப் பிடித்து ஆட்டிவிட்டுப் போனாள். அவர் எப்போதும் அவளுக்குக் கை கொடுப்பவராக இருக்க வேண்டும்.

"சட்டைய பாரு" என்று ஓமனா பல்லைக் கடித்தாள். வலது கைச் சட்டை முனையில் ஐந்து விரலும் பதிந்திருந்தது.

கிருஷ்ணன்குட்டி சார் பேசினார். தீ மனிதனைக் கண்டுபிடித்ததா, மனிதன் தீயைக் கண்டுபிடித்தானா என்று தொடங்கி, சிந்து சமவெளி வழியாக வந்து, பாறசாலையை அடையும்போது போதகர் இரண்டு முறை கடிகாரம் பார்த்திருந்தார். முடிவில் கிருஷ்ணன்குட்டி சார் சுவரில் தொங்கிய பட்டுத்துணியை விலக்கினார். கருங்கல் பலகை. 'சூளைக்காரர் எலியா நினைவு அரங்கம்' என்று வெட்டியிருந்தது.

ஓமனா ஷீனாவின் கையைப் பிடித்தாள். இது பொன்னாடை அல்ல, கல்.

"இனி, தொழிலாளிப் பெண்களுக்க சார்பாட்டு தங்கபாய் ரெண்டு வாக்கு பேசும்" என்றார் தலைவர்.

தங்கபாய் எழுந்தாள். இந்த முறை பாதியில் உட்காரவில்லை. நாற்காலிகளைப் பிடித்துப் பிடித்து முன்னால் வந்தாள். மைக்கைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்து, ஒரு அடி தள்ளி நின்றாள். கல்லைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள்.

"இந்த மனுஷன்" என்றாள், "ஒருநாளும் சூளையில தீ போட்டதில்ல."

ஓமனா கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்னட்ட கேக்காம" என்று முடித்தாள் தங்கபாய்.

யாரோ மூச்சு விட்டார்கள். யாரோ மெல்லச் சிரித்தார்கள்.

"வெள்ளியாழ்ச்ச தோறும் எனக்க வீட்டுக்கு வருவாரு. ஒரு பொதி பழம்பொரி கொண்டு வருவாரு. தங்கபாயி, நாளைக்கு பிள்ளையளுக்கு என்னத்த சொல்லதுன்னு கேப்பாரு. நான் பூனைக்க கதைய சொன்னேன். மேஸ்திரிக்க மீசைய சொன்னேன். பூனை ஓட்டோட வந்துன்னு நான் சொல்லல்ல. அது அவரு சொந்தமா சேத்தது. நான் ஒண்ணு சொன்னா அவரு ஒண்ணரை சொல்லுவாரு. அவ்வளவுதான் எனக்கு தெரியும். ஆண்டவரு அவருக்கு நல்ல எடம் குடுக்கட்டு."

கிருஷ்ணன்குட்டி சார் கைக்குட்டையை எடுத்தார். "எத்தற விநயம்!" என்று மைக்கில் தழுதழுத்தார். "அத்தற பெரிய சூளைக்காரன், ஒரு சாதாரண தொழிலாளிப் பெண்ணிட்ட போய் அபிப்பிராயம் கேட்டிருக்காரு!"

கைதட்டல் எழுந்து, இது சாவு என்று நினைவு வந்து பாதியில் நின்றது. சொல்ல வேண்டியதெல்லாம் மைக்கில், நூறு பேர் முன்னால் சொல்லியாகிவிட்டது. கேட்டவர்கள் மூன்று பேர். அதில் ஒருத்தி சொன்னவள்.

"வெள்ளியாழ்ச்ச ஜெபக்கூட்டத்துக்கு போறேன்னுல்லா சொல்லுவாரு" என்றாள் ஓமனா மெதுவாக.

பக்கத்தில் நின்ற போதகர் தொண்டையைச் செருமினார். "அவருக்கு வேற ஏதோ சபையில கூட்டம் உண்டுன்னு நான் நெனச்சிருந்தேன்."

ஓமனாவின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று இரண்டு பெண்கள் வந்து பிடித்துக்கொண்டார்கள். ஷீனா மட்டும் அவள் முகத்தைப் பார்த்தாள், அதனால் அவளும் முகத்தை மூடிக்கொள்ள வேண்டியிருந்தது.

பெட்டியைத் தூக்க ஆட்கள் கூடும்போது ஷீனா தண்ணீர் டிரம் பக்கம் போனாள்.

"அது உங்க கசேர இல்லியா மாமி? பின்ன ஏன் சொல்லல்ல?"

"சொல்லணும்னுதான் அண்ணைக்கு இருந்தேன். மறுநாளு அவரே வீடு தேடி வந்து, தப்பான கசேரயில இருந்துட்டேன் தங்கபாயி, எந்திக்க வழி தெரியல்லன்னு சொல்லி தலைய சொறிஞ்சாரு. எனக்கு சிரிப்பு வந்துட்டு. மைக்க கண்டா எனக்கு நாக்கு ஒட்டிப்போவும் மக்கா. எனக்க கதைக்கு பிள்ளையள் சிரிக்கத பின்னால இருந்து கேட்டா போரும்னு விட்டேன்."

"அந்த கல்லு?"

தங்கபாய் திரும்பிப் பார்த்தாள். "கல்லுல பேரு வந்தவன் எல்லாம் செத்தவனாக்கும். எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல."

அதற்குள் ஒரு டீச்சர் கிருஷ்ணன்குட்டி சாரைப் பிடித்துக்கொண்டிருந்தார். கஞ்சிக்கு முன்னால் வழக்கமான 'சூளையைக் கேளுங்கள்' உண்டு. பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். யார் சொல்வது? நாட்டுக்கே தீயின் வரலாறு சொன்னவர், சூளை வாய் எந்தப் பக்கம் என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

ஷீனா அடுக்கிலிருந்து ஒரு நாற்காலியை எடுத்தாள். துப்பட்டாவால் துடைத்தாள். மின்விசிறிக்கு நேர் கீழே போட்டு, கால் ஆடுகிறதா என்று ஒரு முறை அழுத்திப் பார்த்தாள். சுவிட்சைப் போட்டாள். தங்கபாயைப் பார்த்து நாற்காலியின் முதுகைத் தட்டினாள். மைக்கைத் தண்டோடு தூக்கி, வரும் வழியில் சஜுவின் கையில் கொடுத்தாள்.

"மைக்கு இங்க வேண்டாமா அக்கா?"

"வண்டியில வையுலே."

ஆம்புலன்ஸ் பின்னால் நகர்ந்து, டெம்போவுக்கு வழிவிட்டு, மெல்லத் திரும்பியது. சாலைக்கு வருவதற்குள் மண்டபத்திலிருந்து பிள்ளைகளின் சிரிப்பு வெடித்துக் கேட்டது. ஓமனா தலையைத் திருப்பினாள்.

"பூனையா, மீசையா?"

"தெரியல்லம்மா."

பெட்டி ஆடாமல் இருக்க ஷீனா ஒரு பக்கம் பிடித்துக்கொண்டாள். ஓமனா சேலைத் தலைப்பின் நுனியைத் தண்ணீர் குப்பியில் நனைத்துக்கொண்டு எலியாவின் வலது கையை எடுத்தாள். களிமண் அதற்குள் உலர்ந்து, சட்டை முனையில் ஐந்து சின்ன விரல்கள் சிவப்பாகத் தெரிந்தன. விரல் நகத்திலும் கொஞ்சம் இருந்தது. நனைந்த தலைப்பை அங்கே கொண்டுபோனவள், துடைக்காமல் நிறுத்திக்கொண்டாள். பிறகு தலைப்பைப் பிழிந்துவிட்டு, அந்தக் கையை எடுத்து மற்றக் கைக்கு மேலே வைத்தாள்.